அகத்தா வறுத்த ரப்பர்

பீடோங் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் மற்றக் கிழவிகள் மெழுகுவர்த்தி ஏற்றப் போவார்கள். என் பெரியம்மா அகத்தா, வண்டிகள் நிற்கும் பக்கம் போவாள். யாராவது புதிதாகப் பிக்கப் வாங்கி ஓட்டி வந்திருந்தால் அவளுக்கு அன்று இரட்டைப் பூசை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, வண்டியின் அடிவயிற்றை எட்டிப் பார்ப்பாள். பிறகு வண்டிக்காரனிடம் ஒரே கேள்வி கேட்பாள்.

“ஒரே தண்டா, ரெண்டு துண்டா?”

வாங்கியவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வண்டியின் நிறமும் மாதத் தவணையும்தான். உடனே பெரியம்மா அந்த இடத்திலேயே பாடம் நடத்துவாள். எஞ்சின் முன்னால் இருக்கிறது, சுற்ற வேண்டிய சக்கரமோ பின்னால் இருக்கிறது. அந்தச் சுழற்சியை முன்னாலிருந்து பின்னால் கொண்டுபோகிற இரும்புக் குழாய்க்கு ஷாப்ட் என்று பெயர். குட்டை வண்டிக்கு அது ஒரே தண்டாக இருக்கலாம். நீளமான வண்டி என்றால் அதை இரண்டு துண்டாக்கி, நடுவில் மூட்டு வைத்து, மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேரிங்கைச் சட்டத்திலிருந்து தொங்கவிட்டு, அந்தப் பேரிங்கைச் சுற்றி ரப்பர் மெத்தை கட்டியிருப்பார்கள். நீளத்தைப் பார்த்துத்தான் எது நல்லது என்று சொல்ல முடியும் என்பாள். பாதிரியார் காத்திருந்தாலும் இதை முடிக்காமல் விடமாட்டாள்.

இத்தனையும் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்துக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் அவள் யாருக்கும் பெரியம்மா இல்லை. சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் புகைவீட்டு வேலைக்காரி, வெறும் அகத்தா.

மரத்திலிருந்து வரும் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைவீட்டுக் கம்புகளில் தொங்கவிட்டுக் காயவைப்பதுதான் அவள் வேலை. அவள் புகைபோட்ட ஷீட் தேன் நிறத்தில் இருக்குமாம், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் நிற்பவனின் மீசையை எண்ணலாமாம். லண்டனில் ஒரு துரை அவள் ஷீட்டை முகர்ந்து பார்த்த பிறகுதான் காலைக் காப்பி குடிப்பான் என்று அவளே சொல்லிக்கொள்வாள். அந்தத் துரையின் பெயரையும் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர்.

அவள் புருஷன் இஞ்ஞாசிமுத்து தோட்டத்து லோரி டிரைவர். நெட்டை மனிதர். பேச்சு மட்டும் குட்டை. கல்யாணத்தன்று சம்மதமா என்று சாமியார் கேட்டதற்கு அவர் தலையை மட்டும் ஆட்ட, வாயால் சொல்லும்வரை மோதிரத்தைத் தரமாட்டேன் என்று சாமியார் பிடிவாதம் பிடித்தாராம். அவருக்கும் சேர்த்து அகத்தா பேசினாள். ரூத் என்று ஒரு பெண் குழந்தை. அதுவும் தாயைப்போல வாயோடு பிறந்தது.

ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்துத் துரை ஓடிப்போனார். ரப்பரை வாங்க ஆளில்லை. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டார்கள். அரிசி கண்ணில் படவில்லை. பெட்ரோல் கிடையாது, ஆகவே லோரியின் பக்கவாட்டில் ஒரு பீப்பாயைக் கட்டி, அதில் மரக்கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். இஞ்ஞாசிமுத்து மரவள்ளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பீடோங் ரயிலடிக்குப் போவார். தோட்டத்தில் அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அந்த லோரிதான்.

ஏனென்றால் சயாமுக்கு ரயில் பாதை போட ஆளெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இஞ்ஞாசிமுத்துவின் தம்பி முந்தைய ரயிலில் போனவன். போனவனைப் பற்றி ஒரு சொல்லும் திரும்பி வரவில்லை. லோரி ஓட்டுகிறவனை மட்டும் தொடவில்லை, மூட்டை ரயிலடிக்குப் போய்ச் சேர வேண்டுமே.

அந்த லோரி ஒருநாள் சுடுகாட்டு மேட்டில் நின்றுபோனது. அடியில் படுத்துப் பார்த்தால், ஷாப்டுக்கு நடுவில் பேரிங்கைத் தாங்கிய ரப்பர் மெத்தை பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. பேரிங் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. மாற்று மெத்தை பினாங்கிலிருந்து வர வேண்டும், அனுப்புகிற கம்பெனியே பூட்டிக் கிடந்தது.

செய்தி பீடோங்கிலிருந்த ஜப்பான் ஆபீசருக்குப் போனது. வட்டக் கண்ணாடி போட்ட, எப்போதும் கைகழுவிக்கொண்டே இருக்கிற மனிதன். சைக்கிளில் வந்தான், லோரியைச் சுற்றி நடந்தான், உடைந்த மலாயில் தீர்ப்புச் சொன்னான். அடுத்த ரயில் புறப்படும் நாளன்று தானே வருவான். லோரி மூட்டையோடு மேடேறி இறங்கிப் பீடோங் சேர்ந்தால் டிரைவர் டிரைவராகவே இருக்கலாம். சேராவிட்டால் அதே ரயிலில் அவருக்கும் இடம் இருக்கிறது.

இஞ்ஞாசிமுத்து வீட்டுக்கு வந்து தன் சட்டைகளை மடித்து வைத்தார். அவருக்கு இரண்டு சட்டைதான். அகத்தா அவற்றை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் போட்டாள். நனைந்த சட்டையோடு யாரும் சயாம் போக முடியாது என்பது அவள் கணக்கு.

முதலில் பீடோங் பட்டறைக்காரர் ஆ லியோங்கின் யோசனையைக் கேட்டார்கள். நடுவில் தாங்குவதற்கு ரப்பர் இல்லை என்றால் நடுவே வேண்டாம், இரண்டு துண்டையும் எடுத்துவிட்டு ஒரே நீளக் குழாயாகப் போட்டுவிடலாம் என்றார் அவர். மூட்டு குறைந்தால் உடையக்கூடியதும் குறையும். இஞ்ஞாசிமுத்துவுக்கும் அது நியாயமாகப் பட்டது. பால் கொட்டகைத் தண்ணீர்க் குழாயைக் கழற்றி, இரண்டு முனையிலும் பழைய மூட்டுகளைப் பற்றவைத்து மாட்டினார்கள். சமதரையில் வண்டி அழகாக ஓடியது. ஆ லியோங் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மேட்டிலிருந்து இறங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. மூட்டைகளின் பாரம் பின்னாலிருந்து தள்ள, வேகம் ஏற ஏற, அந்த நீளக் குழாய் நடுவில் வளைந்து சுழல ஆரம்பித்தது. பெண்பிள்ளைகள் இரண்டு பக்கமும் பிடித்துச் சுற்றுகிற தாண்டு கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அது இரும்பில் செய்தது, காலுக்கடியில் சுற்றுகிறது. இருக்கைப் பலகை தூள். இஞ்ஞாசிமுத்துவின் வெற்றிலைப் பெட்டியில் இருந்த சுண்ணாம்பு அவர் மீசைக்கு ஏறி, அந்த மீசை அதன் பிறகு கறுக்கவே இல்லை என்பார்கள். வண்டியில் ஏற்றியிருந்த பெட்டைக்கோழி ஒன்று அந்த இறக்கத்துக்குள் அந்த வாரத்து முட்டை முழுவதையும் இட்டுவிட்டதாகவும் பேச்சு. முட்டை அவித்தே வந்ததாகச் சொல்கிறவர்களும் உண்டு, அதை நான் நம்புவதில்லை.

வண்டியை எப்படியோ நிறுத்திப் பார்த்தால் குழாய் வில்லாக வளைந்து கிடந்தது. மெதுவாக ஓட்டியிருக்கலாமே என்று ஆ லியோங் கேட்டார். பாரம் தள்ளுகிற இறக்கத்தில் மெதுவாகப் போவது டிரைவர் கையில் இல்லை என்று இஞ்ஞாசிமுத்து சொன்னார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். மறுபடி சட்டையை மடிக்கப் போனார்.

அகத்தாவுக்கு ஆத்திரம் வந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரம். புகைவீட்டில் விற்காத ஷீட் கூரைவரை அடுக்கிக் கிடக்கிறது. கைப்பிடி ரப்பர் இல்லை என்று தன் புருஷன் சயாம் போவதா?

“ரூத்தப்பா, பழைய ரெண்டு துண்டையே மாட்டுங்க. நடுவுல வைக்கிற ரப்பர நான் தரேன். இந்தத் தோட்டத்துல ரப்பரு எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?”

தன் கையால் புகைபோட்ட முதல்தர ஷீட்டை நாடா நாடாவாகக் கிழித்து, பேரிங்கைச் சுற்றி இறுக்கிச் சுற்றி, வளையத்துக்குள் அடித்து இறக்கினாள். பார்ப்பதற்குத் தேன்கட்டி போல இருந்தது. லயத்து வரிசை வீடுகளிலிருந்து எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்துப் பாராட்டினார்கள். அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து ரப்பருக்குள்ளேயே கிடந்தவர்கள். தோட்டத்தைவிட்டுக் கப்பலேறிய பிறகு அந்த ஷீட்டை என்ன செய்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

வண்டி மேட்டின் பாதிகூட ஏறவில்லை. பேரிங் சூடாக, ஷீட் இளகி, உருகி, வெல்லப்பாகாக வழிந்து, ஷாப்டையும் சட்டத்தையும் சேர்த்து ஒட்டிக்கொண்டது. அதை நீக்கப் போன இஞ்ஞாசிமுத்துவும் ஒட்டிக்கொண்டார். அவரைப் பிய்த்தெடுக்க மண்ணெண்ணெய் தேவைப்பட்டது.

அந்த நேரம் பார்த்து அம்மாசி அங்கே நின்றான். தலையில் கூடை வைத்துக் கச்சான் பூத்தே என்கிற வறுகடலை விற்கிறவன், கடலை கிடைக்காமல் போனதால் சட்டியும் மணலுமாகத் தோட்டத்தில் முடங்கிக் கிடந்தான்.

“அகத்தாக்கா, பாகு பதம் நல்லாத்தான் இருக்கு. கடல மட்டும் இருந்தா உருண்ட பிடிச்சிருக்கலாம்லா.”

லயமே சிரித்தது. அவள் ஷீட்டைப் பார்த்துச் சிரித்தவர் அதுவரை யாரும் இல்லை.  

அவள் நேரே போய் லோரியின் டயருக்கு முன்னால் குந்திக்கொண்டாள். இதுவும் ரப்பர்தான். வெயிலில் ஓடுகிறது, தார் ரோட்டில் தேய்கிறது, உருகுவதில்லை. இதற்குள் வேறென்னவோ இருக்கிறது. டயரை முகர்ந்தாள். முகர்ந்தது அவளுக்குப் புதிதல்ல, புகைவீட்டில் ஷீட்டின் தரத்தை மூக்கால்தானே பார்ப்பார்கள். அந்த வாசனையைப் புகைவீட்டில் அவள் கண்டதில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் கண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில்.

தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெசர் பரஞ்சோதி படித்த மனிதர், நல்லவர், மருந்து விஷயத்தில் மட்டும் கருமி. அந்த நாளில் சோப்பு கிடையாது, மாற்றுத்துணி கிடையாது, ஆகவே லயம் முழுக்கச் சொறிசிரங்கு. சனிக்கிழமை ஆனால் எல்லோரும் வரிசையில் நிற்க, அவர் கந்தகப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து ஆளுக்கொரு விரல் தடவிவிடுவார். அகத்தா போய், உங்கள் சிரங்கு மருந்தும் லோரி டயரும் ஒரே நாற்றம், ஏன் என்று கேட்டாள்.

பரஞ்சோதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. சீமைத் தொழிற்சாலைகளில் ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து சூட்டில் வேகவைப்பார்கள், வெந்த ரப்பர் பிறகு உருகாது என்றார். சொன்ன வாயோடு மருந்து அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“கேக்காத அகத்தா. இருக்கிறது இந்த ஒரு டின்தான். இதக் குடுத்துட்டா சனத்துக்கு நான் எதத் தடவுவேன்?”

“என் புருஷன ஏத்தி அனுப்பிட்டு நான் சொறியில்லாம இருந்து என்ன பண்றது, டிரெசரய்யா?”

இந்த முடிவைத் தன்னால் தனியாக எடுக்க முடியாது என்றார் பரஞ்சோதி. மறுநாள் காலைப் பிரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொன்னார். கந்தகம் ஒரு டின் இருக்கிறது. அது சிரங்குக்குப் போகலாம், அல்லது லோரிக்குப் போகலாம். லோரிக்குப் போனால் அடுத்த டின் எப்போது வரும் என்று தமக்குத் தெரியாது. அரிப்பு எப்படி இருக்கும் என்பதை அவர் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை, நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டே சொறிந்தார்கள்.

 போன ரயிலில் தம்பியை விட்டவர், மகனை விட்டவர் அங்கேயே நின்றார்கள். கடைசியில் அம்மாசி, முதுகை மரத்தில் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

“ஆளு போனா வரமாட்டான், டிரெசரய்யா. சொறி எங்க போவப்போவுது? டின்ன எடுத்துக் குடுங்க.”

குடுங்க, குடுங்க என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. பரஞ்சோதி சாவியை எடுத்தார்.

இனி நடந்ததைச் சமையல் என்றுதான் சொல்ல வேண்டும். காய்ந்த ஷீட்டில் பொடியைக் கலப்பது நடக்காத காரியம், ஆனால் பாலில் எதைக் கலந்தாலும் கலக்கும் என்பது அகத்தாவுக்குத் தெரியும். அன்றைக்கு இறக்கிய பாலில் கந்தகத்தைத் தூவிக் கட்டியில்லாமல் கலக்கி, உறையவைத்து, உருளையில் விட்டு மெல்லிய தகடாக்கிக் காயவைத்தாள். பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் அதே அளவு மரக்கட்டையை வைத்து, அதைச் சுற்றித் தகட்டை அடுக்கடுக்காகச் சுற்றி, இரும்பு வளையத்துக்குள் இறுக்கினாள். இனி வேகவைக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரின் சூடு போதாது, நேரே நெருப்பில் வைத்தால் கருகிவிடும் என்று பரஞ்சோதி சொல்லியிருந்தார்.

அகத்தா அம்மாசியிடம் போனாள். பாகைப் பற்றிச் சிரித்தவனிடம் போவது அவளுக்கு லேசான காரியமாக இருந்திருக்காது.

“ஒன் கடலச் சட்டிய எடு. மணல் காய வை.”

அம்மாசிக்கு ஒரு வருஷத்துக்குப் பிறகு தொழில் கிடைத்தது. சட்டி நிறைய மணலைக் காயவைத்து, எங்கோ பொறுக்கிய நெல்லை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். நெல் பொரிகிற சூடு அதிகம், அதற்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும் என்று அவன் கை சொன்னது. வளையத்தை மணலுக்குள் புதைத்து, விறகைக் கூட்டியும் குறைத்தும் பகல் முழுக்கக் காவல் இருந்தான். கந்தக நாற்றம் தாங்காமல் ஆடுகள் தோட்டத்தைவிட்டு ஓடிப்போய் சுங்கைப்பட்டாணியில் பிடிபட்டன என்பது அகத்தாவின் கட்சி. மணலைத் தள்ளி வெளியே எடுத்தபோது தேன்நிறம் போய், கறுத்து, அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வந்தது. அகத்தா ஒரு விளிம்புத் துண்டை அறுத்துக் கொதிக்கிற கெண்டியின் மேல் வைத்தாள். அடுப்புத் தண்ணீர் வற்றும்வரை எல்லோரும் அதையே பார்த்தார்கள். துண்டு வைத்தபடியே இருந்தது. கட்டையைத் தட்டி எடுத்து அந்த இடத்தில் பேரிங்கை இறக்கி, பழைய இரண்டு துண்டோடு லோரியில் மாட்டினார்கள்.

ரயில் நாள் வந்தது. ஆபீசரும் வந்தான். மூட்டைகள் ஏற்றியாகிவிட்டது, அகத்தா மூட்டைகளின் உச்சியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். இறங்கச் சொன்னார்கள். அவள் காதில் விழவில்லை. ஆபீசர் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

சனிக்கிழமை மருந்து நின்றுபோயிருந்ததை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இஞ்ஞாசிமுத்து ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்து, மறு கையால் கழுத்தைச் சொறிந்தார். பிறகு கை மாற்றி விலாவைச் சொறிந்தார். ஆபீசர் கண்ணாடி வழியாக அவர் விரல் இடுக்குகளைப் பார்த்தான். கொஞ்சம் நகர்ந்தான். வழியனுப்ப நின்ற சனம் முழுவதும் சொறிந்துகொண்டு நிற்பதைப் பார்த்தான். இன்னும் நகர்ந்தான். லோரி மேடேறும்போது அவன் பாதி உடம்பு கதவுக்கு வெளியே இருந்தது.

கரிவாயு வண்டி முக்கி முனகி மேட்டில் ஏறியது. உச்சியில் இஞ்ஞாசிமுத்து பிரேக்கில் காலை வைத்து, நத்தையாக இறங்கலாம் என்று பார்த்தார். ஆபீசரோ அந்தப் பெட்டிக்குள் இன்னும் ஒரு நிமிஷம் இருக்கத் தயாராக இல்லை.

“லெக்காஸ்! லெக்காஸ்!” என்று கத்தினான். சீக்கிரம் போ என்கிறான்.

இஞ்ஞாசிமுத்து கழுத்தைத் திருப்பிப் பின்பக்க ஓட்டை வழியாகப் பெண்டாட்டியைப் பார்த்தார். முந்தைய தடவை குழாய் வளைந்த இடம் எதிரே தெரிந்தது. அகத்தா மேலிருந்து குனிந்து சொன்னாள்.

“விடுங்க. அது தாங்கும்.”

அவர் காலை எடுத்தார்.

மூட்டைகள் தள்ளின. மரங்கள் பின்னால் ஓடின. ஆபீசரின் தொப்பி ஒரு ரப்பர் மரத்துக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டது. அகத்தா மூட்டையின் மேல் குப்புறப் படுத்து, காதைப் பலகையில் வைத்துக்கொண்டாள். அடியில் இரண்டு துண்டும் நடுவில் ஒரு பிடியோடு ஒரே சீராகச் சுற்றின. அடியில் கேட்டது, மாவு சலிக்கிற சத்தம் மாதிரி இருந்ததாம். அந்த வேகத்தைப் பற்றி அவள் சொல்கிற கணக்கு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. கடைசியாக நான் கேட்டபோது அவர்கள் பினாங்கு மெயிலை முந்தியிருந்தார்கள்.

பீடோங் ரயிலடியில் ரயில் நின்றுகொண்டிருந்தது. பெட்டிகளில் வேறு தோட்டத்து ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், துணிமூட்டையும் தகரக் குவளையுமாக. இஞ்ஞாசிமுத்து எஞ்சினை அணைக்காமல் இருக்கையிலேயே இருந்தார், தம்பி ஏறிய பெட்டி எது என்று தேடுகிறவர்போல. ஆபீசர் லோரி நிற்பதற்கு முன்பே குதித்தான், குழாயடிக்குப் போய் முழங்கைவரை கழுவினான். கழுவிக்கொண்டே திரும்பாமல் சொன்னான்.

“டிரைவர், பாலேக்.”

திரும்பிப் போ என்று சொல்கிறான். அவருக்கு அது புரிய நேரம் பிடித்தது. அதற்குள் அகத்தா மூட்டையிலிருந்து இறங்கி, அத்தனை பேருக்கும் முன்னால், சேலையைச் செருகிக்கொண்டு லோரிக்கு அடியில் போயிருந்தாள். உள்ளங்கையைக் கறுப்பு ரப்பர்மேல் வைத்தாள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார் இஞ்ஞாசிமுத்து.

“எளஞ்சூடு. ரூத்தக் குளிப்பாட்டலாம்.”

திரும்பும் வழியில் மேட்டுக்கு இந்தப் பக்கம் லயத்துச் சனம் ரோட்டுக்கே வந்து நின்றது. வருகிறது லோரி மட்டும்தானா, ஓட்டுவது அவர்தானா என்று அம்மாசி ஒரு கட்டைமேல் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டியை நிறுத்தி இறங்கிய இஞ்ஞாசிமுத்து, கல்யாணத்துக்கே லேசில் வாய் திறக்காத மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டார். எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

“ரப்பரு நம்மளது. அகத்தா செஞ்சது, நீங்க குடுத்தது.”

கைதட்டலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒருவருக்கும் கை ஒழியவில்லை. சொறிந்துகொண்டே சிரித்தார்கள், அகத்தாவும் சேர்ந்து சொறிந்தாள்.